நடக்கக் கரை வேண்டும்

புதுச்சேரியிலிருந்து வடக்கே மரக்காணம் வரை, மணலை விட்டு மேலே ஏறாமல் ஒருவர் நடந்துபோக முடியுமா? முடியாது. நகரின் கடற்கரைச் சாலையில் தொடங்கும் கருங்கல் அடுக்கு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கூடவே வருகிறது. தமிழக எல்லைக்குள் நுழைந்து தந்திராயன்குப்பத்தை எட்டினால் கல்லோடு, கடலுக்குள் கல் சுவராக நீளும் தூண்டில் வளைவும் சேர்ந்துகொள்கிறது. சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று மேலே போகப்போக, சில இடங்களில் அலைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கவும் இடமில்லை. கல் முடிந்தால் வேலி, வேலி முடிந்தால் மறுபடியும் கல். நடந்து வந்தவர் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறி, பேருந்துக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, அடுத்த சந்தில் கடலைத் தேடி இறங்க வேண்டும்.

ஒரு தலைமுறைக்கு முன்புவரை இது ஒரே மணல் வழி. பக்கத்துக் குப்பத்தில் பெண் கொடுத்தவர்கள் நல்லது கெட்டதுக்குக் கரையோரமாகவே போய் வந்தார்கள். மீன்கூடை சுமந்த பெண்களுக்கும் அதுதான் வழி. வெளியூரிலிருந்து வந்து ஓர் அமைதியான குப்பத்தில் இரண்டு நாள் தங்கி, விடியலில் கடலோரமாக நடந்து பார்க்கிற பயணிக்கு அதைவிடப் பெரிய கொடை இருக்க முடியாது. அந்த வழி இன்று இரண்டு பக்கத்திலிருந்தும் அறுபடுகிறது. கடல் பக்கம் மணல் போகிறது. நிலத்தின் பக்கம் வேலி வருகிறது. அபாயச் சங்கு ஊத வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

கடலோரம் நடப்பது வசதியும் நேரமும் உள்ளவர்களின் ஆசை, அதற்காக இவ்வளவு பதற்றமா என்று சிலர் கேட்கலாம். அவர்கள் ஒரு மீனவக் கிராமத்தின் கரையை ஒரு காலை நேரம் நின்று பார்க்க வேண்டும். அலை நனைத்துவிட்டுப் போகும் ஈரமணல் இறுகிக் கிடக்கும். நடக்க அதுதான் இடம். அதற்கு மேலே உலர்ந்த மணலில் ஃபைபர் படகுகள் ஏற்றிவைக்கப்பட்டிருக்கும். அங்கேதான் வலை பிரிப்பது, கிழிசல் தைப்பது, மீனை ஏலம் விடுவது, நெத்திலியைக் காயப்போடுவது எல்லாம். இன்னும் மேலே அடும்பங்கொடி படர்ந்து ஊதா நிறத்தில் பூத்திருக்கும். இராவணன் மீசைப் புல் உருண்டை உருண்டையாக மணலைப் பிடித்துவைத்திருக்கும். அதன் பின்னால் மணல்மேடு, பிறகு பனையும் சவுக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு வேலை, ஒவ்வொன்றுக்கும் உரியவர்கள் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறும் பங்குனி ஆமை, அலை எட்டாத மணலைத் தேடித்தான் குழி தோண்டுகிறது. நடந்துபோகிறவர் கேட்பதும் இவர்கள் எல்லாரும் நிற்கிற அதே மணலைத்தான். அது போனால் முதலில் வயிற்றில் அடி வாங்குவது மீனவர். பயணிக்கு ஒரு காலை நடை போகும், அவ்வளவே.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் விளங்கும். படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு, இரண்டு கயிற்று முனைகளையும் கரையில் தள்ளித்தள்ளி நிற்கும் இரண்டு குழுக்கள் பிடித்துக்கொள்ளும். இழுக்க இழுக்க இரு குழுவும் கரையோரமாகவே நகர்ந்து ஒன்றை ஒன்று நெருங்கும். வலையின் மடி கரைக்கு வரும்போது எல்லாரும் ஓரிடத்தில் நிற்பார்கள். இதற்குத் தடையில்லாத நீண்ட மணல் வேண்டும். நடுவே கருங்கல் வந்தால் கால் ஊன்ற இடமில்லை, வலையும் கிழியும். கல் கொட்டிய ஊர்களில் கரைவலை நின்றுபோனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மணல் ஏன் போகிறது? நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் நீண்ட மாதங்களில் அலையோடு அலையாக அது தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடைக் காலத்தில் சில மாதங்கள் வடக்கிலிருந்து தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கடலுக்குள் ஒரு கல் சுவர் நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் குவியும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் கரையைக் கடல் தின்னும்.

இது நேற்றுத் தெரிந்த பாடம் அல்ல. சென்னையில் 1870களில் துறைமுகத்துக்குக் கல் இறங்கத் தொடங்கியது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இன்றைய அகலத்துக்கு விரிந்தது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிபட்டு, குப்பங்கள் இடம் மாறி, கடைசியில் கல்லடுக்கே கரை ஆனது. நாம் மாலையில் சுண்டல் வாங்கிக்கொண்டு காற்று வாங்குகிற மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குப் போயிருக்க வேண்டியது. இவ்வளவும் கண்ணெதிரே நடந்த பிறகும், நூறு ஆண்டு கழித்து, 1980களின் இறுதியில் புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டி அதே தவறைச் செய்தோம். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே தள்ளிவிடும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அதை முறையாக, தொடர்ந்து செய்யவில்லை. சில ஆண்டுகளிலேயே நகரத்தின் மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. அங்கேயும் கொட்டினார்கள். மாநில எல்லை கடலுக்குத் தெரியாது. அரிப்பு தமிழகக் குப்பங்களுக்குள் வந்தது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது பிள்ளைச்சாவடியில் கரையோர வீடுகள் இடிந்து கடலில் விழுந்தன. வீடு இழந்தவர்களும் இழக்கப்போகிறவர்களும் தூண்டில் வளைவு கேட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு அருகதை இல்லை. வாசலில் கடல் நிற்கும்போது, அரசு கொடுக்கத் தயாராக இருக்கிற ஒரே பொருள் கல்லாக இருந்தால், மக்கள் கல்லைத்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு குப்பத்துக்குப் போட்ட தூண்டில் வளைவு அடுத்த குப்பத்தின் மணலை நிறுத்திவைக்கிறது. அடுத்த குப்பமும் மறியலில் உட்கார்ந்து தனக்கொன்று வாங்குகிறது. அதற்கடுத்த ஊர் காத்திருக்கிறது. இப்படியே போனால் சென்னைவரை கல்தான். இதில் எந்தக் குப்பமும் இன்னொரு குப்பத்துக்கு எதிரி அல்ல. தெற்கே மணலை மறித்தவர்கள் அதற்குப் பொறுப்பேற்காததுதான் ஊரையும் ஊரையும் மோதவைக்கிறது.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்ததில், இந்தியக் கரையில் 33.6 சதவீதம் அரிபட்டுவருவது தெரிந்தது. தமிழகத்தில் அது 42.7 சதவீதம், புதுச்சேரியில் 56 சதவீதத்துக்கும் மேல். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குப் போனால் நீரோடி, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை போன்ற ஊர்களில் மணல் மட்டுமல்ல, கடலோரச் சாலையே உடைந்து உடைந்து போகிறது. பக்கத்திலேயே தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பிடித் துறைமுக முகத்துவாரத்தில் மணல் திட்டு விழுந்து, படகுகள் கவிழ்ந்து, மீனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். இருக்க வேண்டிய இடத்தில் மணல் இல்லை, இருக்கக் கூடாத இடத்தில் குவிகிறது. ஆறுகளில் அணை கட்டியும் மணல் அள்ளியும் கடலுக்குப் போகும் வரவையே குறைத்துவிட்டோம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நிலத்தின் பக்கம். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1981இல், பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதி, கரையிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடங்கள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அறிவிக்கையின் பின்னிணைப்பில், கடற்கரை விடுதிகளுக்கான நிபந்தனைகளில், பலர் கவனிக்காத வரிகள் இருக்கின்றன. பொதுமக்கள் கடற்கரைக்குப் போய்வர, அடுத்தடுத்த இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும். சொத்தைச் சுற்றி வேலி போடலாம். ஆனால் அந்த வேலி மக்கள் கடற்கரைக்கு வருவதை எந்த வகையிலும் தடுக்கக் கூடாது. மணல்மேடுகளைச் சமப்படுத்தக் கூடாது. 2011இல் அறிவிக்கையைத் திருத்தி எழுதியபோதும் இந்த நிபந்தனைகள் தொடர்ந்தன.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் தங்கள் கண்ணையே சாட்சியாக வைத்துக்கொள்ளட்டும். மதிலுக்கு அடுத்து மதில், அதற்கடுத்து இன்னொரு மதில். அந்த 20 மீட்டர் எங்கே? சில இடங்களில் அது குப்பை கொட்டும் முடுக்காகிவிட்டது. சில இடங்களில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிக் கிடக்கிறது. பல இடங்களில் அப்படி ஒன்று இருந்த தடயமே இல்லை. வேலிக் கம்பிகள் அடும்பங்கொடிக்கு நடுவே இறங்கி, ஓத நேரத்தில் அலை தொடும் இடம்வரை போகின்றன. கடலோரமாக நடந்து வருகிறவரைக் காவலாளி ஒருவர் விசில் ஊதித் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. திருப்பி அனுப்ப அவருக்கோ அவரது முதலாளிக்கோ எந்த உரிமையும் கிடையாது. ஆறு, கடற்கரை, காடு போன்றவை மக்கள் சார்பில் அரசு பொறுப்பில் வைத்திருக்கும் பொதுச் சொத்து, தனியார் உடைமையாக்கத் தக்கவை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே பியாஸ் ஆற்றங்கரை விடுதி வழக்கில் சொல்லிவிட்டது.

2019இல் வந்த அறிவிக்கை கட்டுப்பாட்டை இன்னும் தளர்த்தியது. ஊரகக் கரையில், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளில், கட்டுமானம் கூடாத பட்டை உயர்அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டராக இருந்தது. புதிய வரைபடங்கள் ஒப்புதல் பெற்றதும் அது 50 மீட்டராகச் சுருங்கும். நெருக்கமாக வாழ்கிறவர்கள் யார்? குப்பத்து மக்கள். சுனாமிக்குப் பிறகு, பாதுகாப்பு கருதி 200 மீட்டருக்கு அப்பால் போகச் சொன்னதும் அவர்களைத்தான். பழைய இடத்தை அரசிடம் விட்டுக்கொடுத்தால் புதிய இடத்தில் வீடு என்றார்கள். மீனவர் அன்று விட்டுவிட்டு வந்த பட்டையில் நாளை வேறொருவர் கட்டடம் எழுப்ப வழி திறக்கிறது என்றால், அந்தக் கோபம் நியாயமானது.

உலகில் சில நாடுகள் கரையோர வழியைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கின்றன. பிரான்ஸ் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், கடலோரத் தனியார் நிலத்தில் மூன்று மீட்டர் அகலத்துக்கு நடந்துபோகும் உரிமையைப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. ஸ்பெயினின் 1988ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் ஆறு மீட்டர் என்கிறது. வேல்ஸ் 2012இல் தன் கரை முழுவதையும் சுற்றி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நடைவழியைத் திறந்தது. நம் கவனத்துக்குரியது இங்கிலாந்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம். அங்கும் கரை அரிபடுகிறது. களிமண் மேடுகள் இடிந்து விழுகின்றன. அதனால், கரை பின்வாங்கினால் நடைவழியும் அதோடு பின்வாங்கும் என்று சட்டத்திலேயே ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக நிலம் கேட்டு வழக்காட வேண்டியதில்லை. அந்த நாடுகளின் கரை வேறு, வாழ்க்கை வேறு. அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது. ஆனால் நம்மிடம் இருப்பது கட்டடங்களை ஒழுங்குபடுத்தும் அறிவிக்கைதான். கரையோரமாக நடந்துபோகும் உரிமை என்று தனியாக எழுதிவைத்த சட்டம் எதுவும் இங்கே இல்லை. நாலு பேர் வழிவழியாக நடந்த தடம் என்பதற்கு மேல் நமக்கு ஆவணம் கிடையாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கடலோர நடை என்றதும் சுற்றுலாத் துறைகளுக்குத் தோன்றுவது காங்கிரீட் நடைபாதை, மின்விளக்கு, அலங்கார வளைவு, செல்ஃபி எடுக்க ஒரு மேடை. வேண்டவே வேண்டாம். மணல்மேட்டை இடித்துப் போடும் நடைபாதை அடுத்த புயலில் பெயர்ந்து விழும். அதைக் காப்பாற்ற மறுபடியும் கருங்கல் வரும். இரவு முழுக்க எரியும் விளக்கு, முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் சாலைக்கு இழுக்கும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து ஆமை முட்டைகளைக் காக்கிறார்கள். கையில் ஒரு டார்ச், காலடியில் மணல் என்பதற்கு மேல் அந்த நடைக்கு எந்தக் கட்டுமானமும் தேவைப்பட்டதில்லை. கடலோர வழிக்குச் செலவு செய்ய வேண்டியது மணலை இருக்கவிடுவதற்கும், குறுக்கே நிற்பதை அகற்றுவதற்கும்தான்.

நடக்கிறவர்களுக்கும் கடமை உண்டு. ஏலம் நடக்கும் நேரத்தில் இறங்குதளத்துக்குள் கேமராவோடு நுழைவது, காயும் கருவாட்டை மிதிப்பது, மணல்மேட்டில் வண்டி ஓட்டுவது, தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு வருவது எல்லாம் அந்த ஊர்க்காரர்களின் வீட்டு முற்றத்தில் செய்யும் அத்துமீறல். “இந்த வழியா போகலாமாண்ணே?” என்று கேட்டுவிட்டு நடக்கிறவரை எந்தக் குப்பமும் விரட்டியதில்லை. பயணியும் மீனவரும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள். வேலியும் கல்லும் இருவருக்கும் பொதுவான இழப்பு.

போன மணல் திரும்புமா என்றால், திரும்பும் என்பதற்குப் புதுச்சேரியே சான்று. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் கடற்கரைச் சாலைக்கு எதிரே நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தும், துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டியும், பல ஆண்டுகளாகக் கல்லை மட்டுமே பார்த்த நகரம் ஒரு பகுதியில் மணலைப் பார்த்தது. குழந்தைகள் அங்கே மறுபடியும் அலையில் கால் நனைத்தார்கள். நகரத்துக்குச் செய்ய முடிந்ததை அதன் வடக்கேயுள்ள குப்பங்களுக்கு ஏன் செய்யக் கூடாது? அந்த மணல் அவர்களுக்கும் போய்ச்சேர வேண்டிய மணல்தானே?

ஆகவே, முகத்துவாரத்திலோ கரையிலோ எந்தத் துறைமுகம், மீன் இறங்குதளம் அமைந்தாலும், அது மறிக்கும் மணலை ஆண்டுதோறும் மறுபக்கம் சேர்ப்பது அதை நடத்துகிறவரின் சட்டப் பொறுப்பாக வேண்டும். செய்யாவிட்டால் இயக்க அனுமதி கிடையாது என்ற அளவுக்கு அது கண்டிப்பாக இருக்க வேண்டும். புதிய தூண்டில் வளைவுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பு, அதன் வடக்கே உள்ள மூன்று நான்கு குப்பங்களின் கிராம சபையில் அதன் விளைவை வரைபடத்தோடு விளக்கிச் சொல்ல வேண்டும். புதுச்சேரி, தமிழக அரசுகள் இந்த ஒரு விஷயத்திலாவது சேர்ந்து உட்கார்ந்து, துறைமுகத்திலிருந்து மரக்காணம் வரையிலான கரையை ஒரே கரையாகப் பார்த்துத் திட்டமிட வேண்டும்.

கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் படகு நிறுத்துமிடம், வலை காயும் இடம், மீன் உலர்த்தும் களம் போன்ற மீனவர் பொதுச் சொத்துகளைக் குறிக்க வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. தமிழகத்தில் வரைவு வரைபடங்கள் வந்தபோது அவற்றில் விடுபட்டவை பற்றி மீனவர் அமைப்புகள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் முறையிட்டன. அவர்கள் சொன்னதைத் திருத்தத்தில் சேர்ப்பதோடு, ஊருக்கும் ஊருக்கும் நடுவே மக்கள் நடக்கும் கரையோர வழியையும் ஒரு கோடாக அந்த வரைபடத்தில் வரைய வேண்டும். கரை நகர்ந்தால் கோடும் நகரும் என்று சட்டமன்றத்தில் சட்டமாக்க வேண்டும். கடலோரத்தை மீட்க உலக வங்கி உதவியுடன் நெய்தல் மீட்சி இயக்கம் நடத்தும் தமிழக அரசுக்கு இதற்கு மனமும் பணமும் இல்லாமல் போகாது.

சட்டம் வரக் காலமாகும். 20 மீட்டர் இடைவெளிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அது ஏற்கெனவே நிபந்தனை. எந்தெந்த விடுதிக்கு எந்தச் சர்வே எண்ணில் அந்த நிபந்தனையோடு அனுமதி தரப்பட்டது என்பது மாவட்ட அலுவலகக் கோப்புகளில் இருக்கிறது. சென்னை தொடங்கிக் குமரி வரை ஒவ்வொரு கடலோர மாவட்ட ஆட்சியரும் அந்தப் பட்டியலை வட்ட வாரியாக வெளியிட்டு, பூட்டிய கதவுகளைத் திறக்கவைத்து, சாலை ஓரத்தில் ‘கடற்கரைக்குப் பொதுவழி’ என்று பலகை நட வேண்டும். வருகிற வாடைக் காலம் தொடங்குவதற்குள் இதைச் செய்துமுடிக்க முடியும்.